தானாகவே கிளீன் ஆகும், ஆனால் எப்போது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை நாம அப்பப்ப கிளீன் பண்ணணுமா, இல்லை அதுவே பண்ணிக்குமா?" சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் இதற்காவது பதில் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. "அதுவே பண்ணிக்கும், கவலைப்படாதீங்க" என்றுதான் நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பதை எனக்குக் காட்டியது என் மாமாவின் லாரி.

கம்ப்யூட்டர் இதழில் லாரிக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். இன்றைய டீசல் லாரியின் இன்ஜினை இயக்குவதே ஒரு கம்ப்யூட்டர்தான். இ.சி.யூ. என அதனை அழைக்கின்றனர். கீ போர்டும் மானிட்டரும் இல்லை என்பதால் நம் கண்ணுக்குக் கம்ப்யூட்டராகத் தெரிவதில்லை. மேலும் என் வீடு திருவொற்றியூரில். தெருமுனைக்கு வந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகளைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் பக்கத்தில் லாரியைத் தொடாமல் எந்தப் பேச்சும் முடியாது.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்போம். விண்டோஸ் சிஸ்டத்தில் சில பராமரிப்புப் பணிகள் தாமாகவே நடைபெறும்படி அமைக்கப்பட்டுள்ளன. மாறா நிலையில் இதற்கான நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் இயக்கத்தில் இருக்க வேண்டும், யாரும் அதனைப் பயன்படுத்தாமலும் இருக்க வேண்டும். நாம் இரவு பத்து மணிக்கே சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிறவர்கள். அப்படித் தவறிய பணியை, பிறகு கம்ப்யூட்டர் எப்போது சும்மா இருக்கிறதோ அப்போது விண்டோஸ் எடுத்துச் செய்திடும். நீங்கள் மவுசைத் தொட்டு வேலையைத் தொடங்கினால் நிறுத்திக் கொள்ளும்.

ஆக, கம்ப்யூட்டர் தன்னைச் சுத்தம் செய்து கொள்ள அது சும்மா இருக்க வேண்டும். டீசல் லாரியின் புகை பில்டருக்கு இதற்கு நேர் எதிரான நிலை தேவை. வண்டி சும்மா நின்றால் பில்டர் சுத்தம் ஆகாது. உழைத்தால்தான் ஆகும். வட சென்னையில் கன்டெய்னர் லாரி செய்கிற பெரிய வேலையே நிற்பதுதான். இதில்தான் எல்லாச் சிக்கலும்.

அந்த பில்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசலில் கந்தகத்தின் அளவு 50 பி.பி.எம்.மில் இருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. புதிய லாரிகளில் பழைய சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு பெரிய பெட்டி வந்தது. அதற்குள் இருப்பவற்றில் ஒன்று டி.பி.எப். என்னும் டீசல் துகள் பில்டர். தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் நெருக்கமாக மெல்லிய குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்த குழாய்க்கு முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்திருக்கும். எனவே உள்ளே நுழைந்த புகை குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரித் துகள்கள் சுவரிலேயே தங்கிவிடும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரியை இப்படிப் பிடித்து விடுகிறது.

பிடித்த கரியை என்ன செய்வது? எரிக்க வேண்டும். இந்த வேலைக்கு ரீஜெனரேஷன் என்று பெயர். டிரைவர்கள் சுருக்கமாக ரீஜென் என்கிறார்கள். கரி தானாகப் பற்றி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். லோடு ஏற்றிக் கொண்டு ஹைவேயில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால் 250, 300 டிகிரியிலேயே கரி மெதுவாக எரிந்து கொண்டே இருக்கும். டிரைவருக்கு இது நடப்பதே தெரியாது. அந்த வெப்பம் கிடைக்காத வண்டியில் கரி சேர்ந்து கொண்டே போகும். பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளந்து சொல்லும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இ.சி.யூ. கூடுதல் டீசலை அனுப்பும். பில்டருக்கு முன்னால் உள்ள வினையூக்கியில் அந்த டீசல் எரிந்து சூடேற்றும், கரி எரிந்து முடியும். இதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். நடுவில் வண்டி நின்று சூடு குறைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். செலவழித்த டீசல் போனது போனதுதான்.

"அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை?" என்று கேட்பீர்கள். மாமாவும் வண்டி வாங்கிய அன்று இதைத்தான் கேட்டார். ஷோரூமில் சரியான பதில் கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது. டீசல் கார்களுக்குப் பொதுவாக 300 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கும் லாரி, தனியாக ரீஜென் கேட்காமலேயே பல நாள் ஓடிவிடலாம். அதே கம்பெனியின் அதே மாடல் வண்டி, மணலியில் உள்ள கன்டெய்னர் யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓடினால், இரண்டு நாளைக்கு ஒரு முறை கேட்கும். இந்தக் கணக்கைக் கிலோமீட்டரில் பார்ப்பதே தவறு. மாமாவின் டிரிப் போக இருபது கிலோமீட்டர் கூட வராது. அதற்கு இன்ஜின் ஓடிய நேரம் சில நாட்களில் ஆறு மணி, ஏழு மணி. வரிசை பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட முடியாது. சும்மா ஓடும் இன்ஜினின் புகை, வினையூக்கி வேலை செய்யும் அளவுக்குச் சூடாவதே இல்லை. மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் மட்டும் தீர்ந்து கொண்டிருக்கும்.

மாமா 2022-ல் இந்த வண்டியைத் தவணையில் வாங்கினார். அதற்கு முன் இருபது ஆண்டுகள் மற்றவர்கள் வண்டியை ஓட்டியவர். சென்ற ஆண்டு மழைக் காலத்தில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"மாப்ள, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் நடக்கற வேகத்துல போவுது. போர்டுல மூணு லைட்டு எரியுது. நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, இன்னான்னு பாரு."

மூன்று விளக்குகளில் ஒன்று, குழாய் நடுவே ஒரு பெட்டியும் அதற்குள் புள்ளிகளும் வரைந்த படம். பில்டர் நிரம்பியதைச் சொல்லும் விளக்கு. முதலில் அது சாதாரணமாக எரியும். கவனிக்காவிட்டால் மின்னத் தொடங்கும். அதையும் விட்டால் இ.சி.யூ. இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். கடைசி நிலைக்குப் போனால் டிரைவர் கையில் எதுவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் லேப்டாப் இணைத்துத்தான் சரி செய்ய வேண்டும். மாமாவின் வண்டி அந்தக் கடைசி நிலைக்கு வந்திருந்தது. கன்டெய்னரை வேறு வண்டிக்கு மாற்றி, இந்த வண்டியை இழுத்துப் போய்ச் சேர்த்தோம். மாதத் தவணைக்கு வைத்திருந்த பணம் அத்துடன் காலி. பில்டரே போயிருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள்.

சர்வீஸ் சென்டர் லேப்டாப்பில் வண்டியின் பதிவுகளை எனக்குக் காட்டினார் ஒரு டெக்னீசியன். ரீஜென் கேட்கப்பட்டது இத்தனை முறை, தொடங்கியது இத்தனை, முழுமையாக முடிந்தது இத்தனை என்று வரிசையாக இருந்தது. தொடங்கியதில் ஆறில் ஒன்று கூட முடியவில்லை. இன்னொரு வரி எனக்கு இன்னும் ஆச்சரியம் தந்தது. "டிரைவரால் நிறுத்தப்பட்டது" என்பதற்கு எதிரே பெரிய எண். விசாரித்தால், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் அழுத்தினால் ரீஜென் தொடங்கும், மறு பக்கம் அழுத்தினால் நிற்கும். தண்டையார்பேட்டை ஆயில் டெர்மினல் பக்கம், கேஸ் டேங்கர் பக்கம் எல்லாம் வண்டி நிற்கும்போது அவ்வளவு சூடான புகை வெளியே வரக்கூடாது என்பதற்காக வைத்த வசதி அது. மாமாவுக்கு யாரோ, "லைட்டு எரிஞ்சா இத அமுக்கு, தொல்லை பண்ணாது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவரும் அமுக்கிக் கொண்டே வந்திருக்கிறார்.

சிரிக்க வேண்டாம். விண்டோஸ் அப்டேட் செய்தி வரும்போது "பிறகு ஞாபகப்படுத்து" என்பதில் கிளிக் செய்யாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் ஒரு முறை ஏழு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். சாப்ட்வேர் எழுதுவது என் தொழில்!

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வண்டி சரியான மறுவாரம் ஒரு மெக்கானிக், மாமாவிடம் நிரந்தரத் தீர்வு ஒன்றைச் சொன்னார். பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் பீங்கானை எடுத்துவிட்டு வெல்டிங் வைத்து மூடிவிடலாம். பில்டர் இருப்பதாகவே இ.சி.யூ. நம்பும்படி சாப்ட்வேரை மாற்றிவிடலாம். விளக்கு எரியாது, வண்டியும் நன்றாக இழுக்கும். மாமா நேராக என்னிடம் வந்தார்.

"அந்த புரோகிராம் மட்டும் நீ போட்டுக் குடு மாப்ள. வெல்டிங் செலவோட முடிஞ்சிடும்."

எனக்குச் சபலம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு சோதனையைச் செயல் இழக்கச் செய்வது புரோகிராமருக்குப் பெரிய வேலை இல்லை. 2015-ல் வோக்ஸ்வேகன் நிறுவனம் மாட்டிக் கொண்டது நினைவிருக்கலாம். சோதனைக் கூடத்தில் இருக்கிறோமா, சாலையில் இருக்கிறோமா என்பதைக் கண்டறிந்து, சோதனையில் மட்டும் புகையை அடக்கி வாசிக்கும் சாப்ட்வேர், உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் இருந்தது. அங்கு ஏமாற்றப்பட்டது நைட்ரஜன் ஆக்சைடு கணக்கு. கரி பில்டர் விஷயம் வேறு. ஆனால் வேலை ஒன்றேதான். கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் சரி" என்று சொல்லும் புரோகிராம். அதை எழுதியவர்களும் என்னைப் போன்ற இன்ஜினியர்கள்தானே என்று அப்போது கல்லூரியில் இருந்தவர்கள் நாங்கள் பேசிக் கொண்டோம். வண்டியில் இப்படி மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.

நான் மறுத்ததற்குச் சட்டம் முதல் காரணம் இல்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் காரணம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேபினட்டைத் திறந்தால், பேனின் இறக்கைகளில் ஒட்டியிருப்பது சாதாரணத் தூசி இல்லை. விரலால் தொட்டால் மை போல ஒட்டும். அம்மா ஜன்னல் கம்பியைத் துடைத்த துணியை இரண்டு முறை அலசினாலும் கருப்பு போகாது. அத்தனையும் லாரிப் புகை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் அனல் மின் நிலையம், ரிபைனரி, ரோட்டுப் புழுதி என்று எல்லாம் உண்டு. ஆனால் ரோட்டோரத்தில் நிற்கும் இன்ஜினின் புகை நேராக ஜன்னலுக்குள் வருகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. பேனைக் கழற்றி பிரஷ் போட்டுத் துடைத்திடலாம். அம்மாவின் நுரையீரலை அப்படிச் செய்ய முடியாது.

மாமா சும்மா விடவில்லை.

"எனக்கு முன்னாடி நிக்கிறவன் வண்டி பழசு. அவனுக்கு பில்டரே கிடையாது. அவன் விடற புகைய நான்தான் குடிக்கறேன். லோன் போட்டு புது வண்டி வாங்குன நான் மட்டும் லைட்டு எரிஞ்சு ரோட்டுல நிக்கணுமா?"

இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இன்றும் இல்லை. 2020-க்கு முன் விற்ற லாரிகள் அதே வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு விளக்கும் இல்லை, இழுவைக் குறைப்பும் இல்லை. விதியை மதித்துப் புது வண்டி வாங்கியவருக்குத்தான் தண்டனை போலத் தெரிகிறது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பீங்கானை உடைத்தெறிவதில் மட்டும் நியாயம் இல்லை என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கருத்து இதுதான். இங்கு தவறு பில்டரிடம் இல்லை. அதன் சாப்ட்வேர் டிரைவரிடம் பேசும் முறையில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனு திறந்து, "டிபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" என டைப் செய்து பாருங்கள். கிடைக்கும் விண்டோவில் ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே, கடைசியாக இந்தப் பணி எப்போது நடந்தது என்ற தகவல் காட்டப்படும். மாறா நிலையில் இது வாரம் ஒரு முறை நடக்க வேண்டும். பல நாட்களாக நடக்கவில்லை என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும், நீங்களே ஆப்டிமைஸ் பட்டனை அழுத்திடலாம். சில ஆயிரம் ரூபாய் பழைய கம்ப்யூட்டரில் கூடக் கிடைக்கும் இந்த ஒரு வரித் தகவல், பல லட்சம் கொடுத்து வாங்கிய மாமாவின் வண்டியில் டிரைவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சில மாடல்களில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பட்டை உண்டு. இவர் வண்டியில் வெறும் விளக்கு. இ.சி.யூ.வுக்கோ எல்லாம் தெரியும். எத்தனை முறை தோற்றது என்று எண்ணிக்கூட வைத்திருந்தது. அதைத் தமிழில், "பில்டர் 70 சதவீதம் நிரம்பிவிட்டது, இன்றே அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டவும்" என்று சொல்ல என்ன தடை? போன் முழுக்கத் தமிழில் வருகிற காலம் இது.

பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்க் ஜெட் பிரின்டர் தன் முனையைத் தானே கழுவிக் கொள்ளும். கழுவிய மை அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேரும். பல பிரின்டர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்து, பஞ்சு நிரம்பியதாகக் கருதிய அன்று அச்சடிக்க மறுத்துவிடும். லாரி பில்டரிலும் இது போல ஒன்று உண்டு. கரி எரிந்துவிடும், இன்ஜின் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. எத்தனை ரீஜென் செய்தாலும் அது அங்கேயே கிடக்கும். ஒரு நாள் பில்டரைக் கழற்றி, அதற்குரிய மெஷினில் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். "தானாகவே" என்று விளம்பரத்தில் சொல்லும் பொருள் எதுவானாலும், அதனால் செய்ய முடியாத மிச்ச வேலை என்ன என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

துறைமுகச் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டு அடுக்குப் பாலமாக மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். முதல் அடிக்கல்லின்போது நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். மே மாத வெயிலில் எண்ணூர் ரோட்டில் நிற்கும் டிரைவருக்கு அது ஆடம்பரம் இல்லை, எப்போதோ கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நிற்கும் வண்டியில் ஏ.சி. ஓட இன்ஜின் ஓட வேண்டும். வரிசை குறையாமல் ஏ.சி. மட்டும் வந்தால் பில்டருக்கு இன்னும் கரிதான்.

மாமா இப்போது ஒரு வழி வைத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது காட்டுப்பள்ளி பக்கம் லோடு கேட்டு வாங்கி, மீஞ்சூரில் இருந்து வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலையில் ஓட்டுகிறார். முதல் முறை நானும் கூட உட்கார்ந்து போனேன். சாலை காலியாக இருந்தது. கியரை மாற்றாமல் ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னேன். சிறிது நேரத்தில் புகைச் சூடு அதிகம் என்று காட்டும் விளக்கு எரிந்தது. பழக்க தோஷத்தில் அவர் கை சுவிட்சுக்குப் போனது. வேண்டாம் என்றேன். இருபத்தைந்து நிமிடம் இருவரும் ரோட்டைப் பார்க்காமல் அந்த விளக்கையே பார்த்துக் கொண்டு போனோம். பிறகு அணைந்தது. "அவ்ளோதானா?" என்றார்.

போன வாரம் மறுபடி போன். துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறாராம்.

"மாப்ள, லைட்டு எரிய ஆரம்பிச்சிடுச்சு. வண்டிய ஓரங்கட்டி ரீஜென் போட்டா அரை மணி நேரம், என் எடம் போயிடும். போடவா, அமுக்கி நிறுத்தவா?"

"பக்கத்துல என்ன வண்டி நிக்குது மாமா?"

"கேஸ் டேங்கரு."

"அப்ப இப்போதைக்கு அமுக்குங்க. கன்டெய்னர எறக்கிட்டு நேரா மீஞ்சூர் ரோட்டுக்குப் போங்க."

"நேராவா? எறக்கவே காலையில நாலு மணி ஆவும் போல கீது" என்றார்.